நேர்ந்துவிட்டவள் திரும்பி வந்தாள்

எனக்கு ஒரு வயது முடிவதற்குள் என்னைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது என் அம்மா. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த என்னை எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்கு முன்னால் கிடத்தி, பிள்ளை பிழைத்தால் மடத்துக்கே அனுப்பிவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். அதற்கப்புறம் அந்த விஷயத்தில் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

உத்தமபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், திராட்சைப் பந்தல்களைத் தாண்டி எங்கள் ஊர். பாதிக்கு மேல் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள். வீட்டுக்கு ஒரு சாமியாரோ சிஸ்டரோ இருப்பது அங்கே பெருமை. எங்கள் வகையறாவில் யாரும் இல்லை. அந்தக் குறையும் என் தலையில்தான் விழுந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் கடைக்காரர்கூட என்னைக் குட்டி சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மற்ற பிள்ளைகள் தேவதூதர்களாகச் சிறகு கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு ஒவ்வொரு வருஷமும் வெள்ளை முக்காடு. என் அக்காவுக்குத் தோடும் செயினும் வாங்கினார்கள். எனக்கு வாங்கவில்லை. மடத்துக்குப் போகிற பிள்ளைக்கு எதற்கு என்று அம்மா சொன்னாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தொட்டு, தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்ததும் நான் விரும்பித்தான் மடத்துக்குப் போனேன். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே திசையைக் காட்டி வளர்த்த பிள்ளைக்கு அந்தத் திசைதான் ஆசையாகவும் தெரியும். மடம் திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு சிற்றூரில் இருந்தது. அங்கே என்னைக் கொடுமைப்படுத்தினார்களா என்று இன்றைக்கும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இல்லை. நல்ல சாப்பாடு போட்டார்கள். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படுக்கையில் கிடந்த வயதான சிஸ்டர்களைக் குளிப்பாட்டிவிடும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. கொடுமை இல்லை, காதலும் இல்லை, பிறகு எதற்கு வந்தாய் என்கிறார்கள்.

சிஸ்டராவதற்கு முன் பயிற்சியில் இருந்த நவகன்னியர்களான எங்களுக்குத் தலைவியாக இருந்தவர் கட்டப்பனைப் பக்கத்து மலையாளி. விறைப்பானவர். தினமும் சாயங்காலம் எங்களைக் கால்மணி நேரம் சும்மா உட்காரவைப்பார். செய்த பாவங்களை எண்ணுவதற்கு இல்லை. அன்றைக்கு எந்த இடத்தில் மனசு விரிந்தது, எந்த இடத்தில் சுருங்கியது, எது நம்மை அன்பின் பக்கம் இழுத்தது, எது பயத்தின் பக்கம் தள்ளியது என்று பார்க்க வேண்டும். தெளிந்து தேர்தல் என்று வகுப்பில் அதற்குப் பெயர். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் தூக்கம் வரும். எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருத்தர் என் மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார். நான் பார்த்தேன்.

சிஸ்டராக வாழ்வேன் என்று முதல் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால் மௌனத் தியானம் வைத்தார்கள். தியானம் கொடுத்த சாமியார் ஒரு பயிற்சி சொன்னார். வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு சில நாள் இருங்கள். பிறகு கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சில நாள் இருங்கள். இரண்டிலும் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றார். முதல் சில நாள் நான் சிஸ்டராக இருந்தேன். மனசில் ஒரே ஒரு காட்சிதான் வந்தது. அம்மா கோயில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், சந்தோஷமாக. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஆண்டவர் அந்தக் காட்சியில் வரவேயில்லை. நான் வார்த்தைப்பாடு கொடுக்காவிட்டால் அம்மா செத்துப்போவாள் என்ற பயம்தான் வந்தது. இத்தனை வருஷமாக அழைப்பு, அழைப்பு என்று நான் நினைத்திருந்த குரலை உற்றுக் கேட்டால் அது என் அம்மாவின் குரலாக இருந்தது.

அடுத்த நாட்களில் நான் சிஸ்டராக இல்லை. பெரிய ஆனந்தம் எதுவும் பொங்கவில்லை. ஒரு அமைதி வந்தது. தோட்டத்துக்கு நடந்து போனேன், கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஜெபிக்க உட்கார்ந்தபோது ஆண்டவர் பக்கத்தில் இருந்தார். இவ்வளவுதான். இதைச் சாமியாரிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிரவில்லை. வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் இந்தச் சோதனை வரும், பிசாசு வேலை, ஜெபம் பண்ணு என்று முடித்துவிட்டார். பிசாசு என்றால் அது கொண்டுவரும் அமைதி நிலைக்காது, சீக்கிரம் கரைந்துவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதை அவரிடமே சொன்னேன். அப்படியானால் எனக்கு அவகாசம் கொடுங்கள், கரைகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கொடுத்தார். என்கூட இருந்தவர்கள் வெள்ளை உடுத்தி வார்த்தைப்பாடு கொடுத்த அன்று நான் சமையல்கட்டில் பாயசம் கிண்டினேன். மாதங்கள் போயின. மழைக்காலம் வந்து போனது. அந்த அமைதி அங்கேயே இருந்தது. நான் தலைவியின் அறைக்குப் போனேன்.

அமைதி கரையவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அவர் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "நீ செய்யுறது சரியானு எனக்கு அறியில்ல. பொய் சொல்லலைனு மட்டும் அறியும். போய்க்கோ."

தேனியில் இறங்கி கம்பம் பஸ் பிடித்தேன். எங்கள் ஊர் விலக்கில் அப்பா வண்டியோடு நின்றிருந்தார். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, ஏறு ஆத்தா என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த அந்தப் பாராமுகம் ரொம்ப காலம் நீடித்தது. வேண்டியதை அப்பாவிடம் சொல்வாள். பக்கத்திலேயே நிற்கும் எனக்கு அவர் அதைத் திருப்பிச் சொல்வார்.

ஊரில் எனக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். மடத்தை விட்டு ஓடி வந்தவள். நான் ஓடவில்லை, டிக்கெட் எடுத்து பஸ்ஸில்தான் வந்தேன் என்று ஒரு தடவை தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். அதற்கப்புறம் நேரே சொல்வதை நிறுத்திவிட்டு முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வாரம் ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்ல நான் வாயெடுத்தபோது, நீ சொல்ல வேண்டாம், வேறு யாராவது சொல்லட்டும் என்று கூட்டத்தை நடத்துகிற பெண் தடுத்தார். நான் எழுந்து போகவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் முன்னாலேயே உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கும், பின்னால் ஒரு இடைவெளி இருக்கும். நிற்க வசதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்தது. கடவுளுக்கு நேர்ந்த பெண்ணைக் கட்டினால் குடும்பம் விளங்காது என்று யாரோ சொல்ல, வந்த வழியே போய்விட்டார்கள். நான் அப்பாவின் தோட்டத்தில் ஒரு மூலையில் நிழல்வலை கட்டி, குழித்தட்டுகளில் தக்காளி, மிளகாய் நாற்று போட ஆரம்பித்தேன். மயிலாடும்பாறைப் பக்கத்திலிருந்துகூட வண்டியில் வந்து வாங்கிப் போனார்கள். சாயங்காலக் கால்மணி நேரத்தை மட்டும் நான் விடவில்லை. தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்து முடித்ததும் அங்கேயே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்வேன். மடத்தில் கற்ற அந்த ஒன்றை மடத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிறகு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மாதவிலக்கு நின்றுபோன வயதில் அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அதை அவள் ரொம்ப நாள் மறைத்திருக்கிறாள். பிள்ளையோடு வந்திருந்த அக்காதான் துணி துவைக்கும்போது கண்டுபிடித்தாள். ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றதற்கு அம்மா மாட்டேன் என்றாள். இது வியாதி இல்லை, ஆண்டவர் கோபம், கொடுத்த பொருள் திரும்பி வந்ததால் வந்த கேடு என்றாள். அவள் மெலிந்துகொண்டே போனாள். படியேறினால் மூச்சு வாங்கியது.

அப்போது என் பெரியம்மா ஒரு ஜெபக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தார். சுற்றுவட்டாரத்தில் வீடுவீடாகப் போய் ஜெபிப்பவர், காட்சி காண்பவர் என்று பெயர் எடுத்தவர். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அம்மா பாயில் படுத்திருந்தாள். அப்பாவும் அக்காவும் சுவரோரம் நின்றார்கள். ஜெபக்காரர் அம்மாவின் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எரிகிற மெழுகுதிரியை யாரோ ஊதி அணைக்கிறார்கள், அதை ஆண்டவர் தனக்குக் காட்டினார், அந்தத் திரி இந்த வீட்டுப் பிள்ளைதான், அது மறுபடியும் பீடத்துக்குப் போனால் இந்தத் தாய் எழுந்து நடப்பாள் என்றார்.

வீட்டில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். மடத்திலிருந்து வந்தபின் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஆண்டவருக்கு என்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா நான் இங்கனதான இருக்கேன்," என்றேன். "உங்ககிட்ட எதுக்குச் சொல்லி அனுப்புறாரு?"

ஜெபக்காரர் தலையை ஆட்டினார். கீழ்ப்படியாமைதான் பேசுகிறது என்று பெரியம்மாவிடம் சொன்னார். எங்கம்மாவுக்கு டாக்டர் வேண்டும், நான் மடத்துக்குப் போவது மருந்தாகாது, இனிமேல் இந்த வீட்டில் மருந்தைத் தடுக்கிற ஜெபம் வேண்டாம் என்று அவருக்கு வாசலைக் காட்டினேன். அவர் போனார். பெரியம்மா போகவில்லை.

"பெத்தவ உசுர விட உன் வீம்பு பெருசா?" என்று கேட்டார்.

ஜெபக்காரரின் மெழுகுதிரி என்னைத் தொடவில்லை. இந்தக் கேள்வி தைத்தது. நான் வெளியே வந்து வாய்க்கால் கரைக்கு நடந்தேன். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் திறந்துவிட்ட அணைத் தண்ணீர் கரைநிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தென்னை நிழலில் உட்கார்ந்தேன். வீம்பா இது? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போவது எளிது. ஆனால் நான் கற்றுக்கொண்டது பிறரின் காட்சிகளைச் சந்தேகிக்க மட்டும் அல்ல. என் மனசையும் அதே கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். வீம்பு இருந்தது. நிறைய இருந்தது. ஜெபக்காரர் முகம் சுண்டிப்போனதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அம்மா ஒருநாள் தோற்று என்னிடம் வர வேண்டும் என்ற ஆசைகூட இருந்தது.

அதை ஒதுக்கி வைத்துவிட்டு, திரும்பப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டேன். பை, பஸ், மடத்துக் கேட். முதலில் அப்பாடா என்று இருந்தது. இனி யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அதன் பின்னாலேயே பயம் வந்தது. நாளைக்கு அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்னிடம் வேறென்ன கேட்கப்படும்? அம்மாவின் உடம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு என்னிடம் பேரம் பேசுகிறவர், நான் பக்கெட்டின்மேல் உட்கார்ந்து சாயங்காலம்தோறும் பேசுகிற ஆண்டவர் இல்லை. இவரை எனக்குத் தெரியாது. இவருக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன். அப்படிச் சத்தமாகவே சொன்னேன். அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். என் மனசு விரிந்தது. வீம்பு இல்லாத இடத்திலும் என் பதில் அதேதான் என்று தெரிந்ததும் எழுந்தேன்.

வீட்டுக்குள் போய் அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். பெரியம்மாவை அக்கா பின்கட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

"சின்னப்பிள்ளைல எனக்கு முடியாமப் போச்சே, அன்னைக்கு நேந்துட்டு நேரா வீட்டுக்கா வந்த?"

"திராட்சை லாரி ஒண்ணு மதுரைக்குப் போச்சு," என்றாள் அம்மா. "அதுல ஏத்தி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். உங்கப்பா பெட்டிக மேல உக்காந்து வந்தாக."

"அங்கன டாக்டர் ஊசி போட்டாரா?"

"போட்டாரு."

"ஆண்டவர நம்பித்தான நேந்த? அப்புறம் எதுக்கு ஊசி?"

"பச்சப்பிள்ளைய எப்படித்தா சும்மா வச்சிக்கிட்டு இருப்பேன்?"

"நீ மட்டும் சும்மா கிடந்தா எனக்கு எப்படி இருக்கும்?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. நான் இன்னொன்றையும் சொன்னேன், சண்டையாக இல்லாமல். "நீ செத்தாலும் நான் மடத்துக்குப் போகமாட்டேன்மா. நீ பிழைச்சாலும் போகமாட்டேன். அதனால என்னைய வச்சு உன் உசுர எடை போடாத. ஆசுபத்திரிக்கு வா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலை மாற்றணும் என்றாள். அப்பா ஜீப் பிடிக்க ஓடினார்.

தேனி ஆசுபத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்தது. ரத்தம் ஏற்றினார்கள். அம்மா தேறி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே, மடத்தில் எந்த சிஸ்டராவது தனக்காக ஜெபித்திருப்பார்கள் என்றாள். நான் மறுக்கவில்லை. ஜெபித்திருப்பார்கள்தான்.

ஆனால் வீடு திரும்பியும் அவள் கடன் பட்டவள்போலவே நடமாடினாள். வாக்குக் கொடுத்தேனே, வாக்குக் கொடுத்தேனே என்பாள். நடக்கத் தெம்பு வந்ததும் அவளை எங்கள் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனேன். சாமி, பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் வாழ்க்கையை நேர உரிமை உண்டா, இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அம்மாவின் முன்னாலேயே கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஊரைப் பகைக்கப் பயந்தவர். அழைப்பு ஒரு மறைபொருள் என்று ஆரம்பித்தார். நான் அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன். அவர் மேசையில் இருந்த சாவிக்கொத்தைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இல்லம்மா. நீங்க நேர்ந்தது உங்களைத்தான் கட்டும், உங்க பிள்ளையக் கட்டாது. அந்தக் கட்டையும் திருச்சபை பேரால நான் அவிழ்த்துவிடுறேன்."

பதிலுக்கு என்ன செய்யட்டும் சாமி என்று அம்மா கேட்டாள். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை வாரம் ஒருதரம் போய்ப் பாருங்கள் என்றார். அம்மா இன்றும் போய் வருகிறாள். இதை ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லுங்களேன், எங்கள் ஊரில் நேர்ந்துவிடப்பட்டவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று சாமியாரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் மாற்றலாகிப் போகும்வரை சொல்லவில்லை. புதிதாக வந்தவரிடமும் கேட்டிருக்கிறேன். சொல்லும்வரை கேட்பேன்.

போன வருஷம், என்கூட நவகன்னியாக இருந்த ஒருத்தி ஆயுளுக்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாள். என்னைக் கூப்பிட்டிருந்தாள். அம்மாவும் வருகிறேன் என்றாள். சடங்குப்படி பீடத்துக்கு முன்னால் என் தோழி குப்புற விழுந்து கிடந்தபோது, அவளைச் சுற்றிப் பாடினார்கள். நான் என் மனசைப் பார்த்தேன். பொறாமை இல்லை. தப்பித்துவிட்டேன் என்ற எண்ணமும் இல்லை. அவளை ஆண்டவர் அழைத்திருக்கிறார், அவள் கேட்டிருக்கிறாள். எழுந்து நின்றபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. உண்மையான அழைப்பு இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டதில் என்னுடைய 'இல்லை'யும் எனக்கு இன்னும் உறுதியானது.

பூசை முடிந்து பந்தியில் பிரியாணி போட்டார்கள். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு வருத்தமா இல்லையாத்தா?"

"இல்லம்மா."

"எனக்கு இருக்கு," என்றாள்.

முன்பென்றால் அந்த வார்த்தைக்கு நான் பதறியிருப்பேன். அவளைத் தேற்றியிருப்பேன், அல்லது சண்டை போட்டிருப்பேன். இப்போது அது அவளுடைய வருத்தம் என்று தெரிந்தது. அவள் அதைத் தன் ஆண்டவரிடம் பேசிக்கொள்ளட்டும். வெங்காயப் பச்சடி பரிமாறிக்கொண்டு வந்தவரை நிறுத்தி, அம்மாவின் இலையில் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். அவள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.